அவள் கொடுத்த அமான்

மார்ச் 4
டயர் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தியாகிய நான், இன்று காலை குண்டு விழுந்த சத்தத்தில் பூமி சுற்றுவதைவிட வேகமாக மேசைக்கடியில் புகுந்தேன். தெருமுனையில் ஏழெட்டுப் பேர் செத்துக் கிடந்தார்கள். ஊரைப் பிடித்து வைத்திருக்கும் தளபதி வந்து பிணங்களைப் பிரித்தார். அவருடைய ஆட்கள் ஷஹீத், மார்க்கத்துக்காக உயிர் கொடுத்தவர்கள். எதிர்த்தரப்பு முர்தத், மார்க்கத்தை விட்டவர்கள். போன மாதம்வரை எல்லோரும் ஒரே வண்டியில் வந்து என்னிடம் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போனவர்கள்.

மார்ச் 5
நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா மகள், எதிர்த்தரப்பு ஆள் ஒருவனைக் கடைக்குள் இழுத்து வந்திருக்கிறாள். வயிற்றில் குண்டு. 'உனக்கு அமான்' என்று சொல்லிவிட்டாளாம். உன் உயிருக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"யாரையும் கேக்க வேணாம் மாமா. நம்ம மார்க்கத்துல ஒருத்தர் குடுத்தா எல்லாரையும் கட்டுப்படுத்தும். கத்தாம தண்ணி எடுத்துட்டு வாங்க."

சக்கரவர்த்தி தண்ணீர் எடுத்து வந்தார்.

மார்ச் 7
தளபதி வந்தார். "அமான் நான் குடுக்கணும். பொம்பள குடுத்தா அது வெறும் பேச்சு."

நான் மலைபோல் குறுக்கே நின்றேன். துப்பாக்கிக் கட்டையால் ஒரே அடி, மலை சரிந்தது. அவளை முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, படுத்திருந்தவனை முகத்தில் சுட்டார். சுவரெல்லாம், டயரெல்லாம் ரத்தம் – கழுவக் கழுவப் போகலையே. எத்தனை வாளிதான் ஊத்துறது?

மார்ச் 8
அவள் விடியும் முன்பே வாளியோடு வந்து சுவரைத் தேய்த்தாள்.

மார்ச் 19
எதிர்த்தரப்பு ஊரைப் பிடித்துவிட்டது. வீடு வீடாகத் தேடிச் சுடுகிறார்கள். மத்தியானம் பின்வாசலில் தளபதி. ஒரு கை மணிக்கட்டோடு போய்விட்டது. அவள் காலடியில் உட்கார்ந்து, "அமான் குடும்மா" என்றான்.

டயர் கழற்றும் கம்பி என் கையில். யானை மண்டையையும் பிளக்கும்.

"தள்ளும்மா, நான் முடிச்சிடறேன்."

"குடுத்துட்டேன் மாமா."

"இவனுக்கா?"

"அது வெறும் பேச்சுன்னு இவன் சொன்னான். நானும் அதையேதான் சொல்லணுமா?"

அவன் கைக்குக் கட்டுப் போடுகிறாள். கதவுகளை உடைக்கும் சத்தம் அடுத்த தெருவரை வந்துவிட்டது.

கடைவாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களை மறித்து உட்காரப் போகிறேன். கம்பி உள்ளேயே கிடக்கட்டும்.