உங்கட வீடு மாதிரி

பெப்ரவரி 3, செவ்வாய். ஜெயபுரம்.

காலையில் கடும் பனி. எட்டு மணியாகியும் வேலி தெரியவில்லை. மேற்குப் பக்க வயலில் வெட்டு மெசின் இறங்கிவிட்டது. ஒரே இரைச்சல்.

இன்றைய வேலை: தண்ணீர்த் தாங்கி கழுவ. பின்பக்கத்து உடைந்த ஓடு மாற்ற. வாசல் படலைப் பூட்டுக்கு எண்ணெய்.

எண்ணெய் விட்டும் திறப்பு திரும்பவில்லை. பூட்டோடு அரை மணித்தியாலம் மாரடித்தேன். பிறகு மகேந்திரன் வந்து, அது போன ஆவணியில் மாற்றிய புதுப்பூட்டு என்றான். வந்து இரண்டு மாதத்துக்கு மேல், தினமும் அவனே திறந்து அவனே பூட்டுவதால் எனக்குத் தெரியவில்லை. எனக்கும் ஒரு திறப்பு கேட்டேன். வெட்டித் தருகிறானாம்.

(மகேந்திரன் இனி ம. மையாவது மிச்சம்.)

ம. குடும்பம் என்னுடைய இந்த வீட்டில் காவலுக்கு இருக்கத் தொடங்கி ஏழு வருசம். நான் வாடகை வாங்குவதில்லை, காவல் சம்பளம் கொடுப்பதில்லை. யோசனை என்னுடையதுதான். ஒன்பது மாதம் பாரிஸ், குளிருக்கு மூன்று மாதம் இங்கே. அங்கே சூடாக்கிற கரண்ட் மிச்சம், சாப்பாடு மிச்சம், என் கட்டிலை வவுனியா ஆள் ஒருவருக்கு வாடகைக்கு விட்டதில் வரவு. என் மனுசி பவானி, மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு. இன்னும் இரண்டு வருசம் இப்படி ஓட்டினால் இரண்டு பேரும் ஒரேயடியாக இங்கே வந்துவிடலாம். இதைக் கேட்ட ஆட்கள் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெப். 5, வியாழன்

மத்தியானம் குசினியில் சுகந்தி, ம.வின் மனைவி, அழுகிற சத்தம். ஓடிப்போனால் சிரித்துக்கொண்டு அழுகிறாள். மகள் தர்சி பெரியபிள்ளை ஆகிவிட்டாளாம். கொஞ்ச நேரத்தில் முன்வீட்டு அம்மா நல்லெண்ணெய், முட்டை, உழுந்துமாவோடு வந்தா. ஆம்பிளைகள் வெளியே போங்கோ என்று கை காட்டினா. நானும் ஆம்பிளைதான் என்று அப்போதுதான் நினைவு வந்தது.

சந்தோசம். கடைக்குப் போய் கேக் வாங்கினேன். சின்னது.

பின்னேரம் ம. தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். பிள்ளையைத் தனியாக வைக்க வேண்டுமாம். பாத்ரூமோடு இருப்பது என் அறை ஒன்றுதானாம். அந்தப் பாத்ரூமுக்காக ஒரு வருசம் சாப்பாட்டுக்கடையில் இரவுக் கோப்பை கழுவினேன். ஆனால் இந்த விசயத்தில் மாட்டேன் என்று எந்த மனிசன் சொல்லுவான்? ஓம் என்றேன்.

சூட்கேஸ் விறாந்தைக்கு வந்துவிட்டது. கட்டில் வரவில்லை.

பெப். 6, வெள்ளி

பாயில் படுக்கை. முதுகு போச்சு. நுளம்பு.

அலுமாரி உள்ளே. நான் உள்ளே போகக் கூடாது, பிள்ளையின் முகத்தில் முழிக்கக் கூடாது. சேட் வேண்டுமென்றால் சுகந்தியிடம் சொல்ல வேண்டும், அவள் எடுத்து யன்னலால் நீட்டுவாள். காணிப் பைல் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பாஸ்போட் இருக்கிற கறுத்தப் பை என்றேன். எடுத்துத் தந்தாள். காணிப் பெர்மிட்டும் அதற்குள்தான். எல்லாம் இருந்தது. ஏன் திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று பிறகு வெட்கமாக இருந்தது.

இரவுச் சாப்பாடு புட்டு, திருக்கைக் குழம்பு. எனக்குத்தான் முதலில் போட்டாள். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி, பெரிய கோப்பையில்.

பெப். 9, திங்கள்

விடியப் பஸ்ஸில் கிளிநொச்சி. ம.விடம் வங்கிக்கு என்றேன். ஏன் பொய் சொன்னேன் தெரியாது.

சட்டத்தரணி சின்ன வயது. ஒவ்வொன்றாகக் கேட்டார். காணி யார் பேரில்? அப்பா பேரில், அரசாங்கம் குடியேறக் கொடுத்த பெர்மிட் காணி. அப்பா? செத்துப் பல வருசம். ஏன் உங்கள் பேருக்கு மாற்றவில்லை? என்னுடையது பிரெஞ்சுப் பாஸ்போட், முதலில் இங்கேயும் குடியுரிமை எடுக்க வேண்டும், அதற்கு நல்ல காசு. அந்தக் காசுக்குக் கூரையே போடலாம் என்று பவானியிடம் சொன்னவன் நான்தான். லைற் பில்? ம. பேரில். அங்கிருந்து கட்டினால் அனுப்பு கூலி அழவேண்டும் என்று நானே மாற்றிவிட்டேன். வாக்காளர் இடாப்பில்? ம., சுகந்தி. வாடகைத் துண்டு? இல்லை.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப ஐயா, அந்த வீட்டில நீங்கள் ஆர்?"

பகிடியாகத்தான் கேட்டார்.

அவர் சொன்னது இதுதான். என்னுடைய சம்மதத்தோடுதான் இருக்கிறார்கள், கேட்டால் எழும்ப வேண்டும் என்று ஒரு துண்டு எழுதி ம.வின் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் நான் போக முதல். போய்விட்டால் அடுத்த வருசம் வரும்போது என்ன நிலைமை என்று அவரால் சொல்ல முடியாதாம். ரிக்கற் 23ஆம் திகதி. விசா 24இல் முடிகிறது. பிந்தினால் அங்கே முதியோர் காசை வெட்டுவான்.

துண்டை அவரே எழுதித் தந்தார். காசைக் கொடுக்கும்போது முதன்முறையாகப் பேரம் பேசவில்லை.

பெப். 11, புதன்

மழை மாதிரி இருட்டி, பெய்யாமல் போனது. நெல் காயப்போட்ட ஆட்கள் எல்லாம் ஓடித் திரிந்தார்கள்.

ம.விடம் துண்டைக் காட்டினேன். சும்மா ஒரு முறைக்குத்தான் என்றேன். வாசித்தான், மடித்தான், திருப்பித் தந்தான். கோபமே இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னண்ணை, துண்டில எழுதுற அளவுக்கு நாங்கள் பிறத்தியாரே? நீங்கள்தானே போனில சொன்னனீங்கள், உங்கட வீடு எண்டு நினைச்சு இருங்கோ எண்டு."

"உங்கட வீடு மாதிரி எண்டு சொன்னனான்."

"அதுதானே நானும் சொல்லுறன்" என்றான்.

சொன்னேன்தான். ஏழு வருசத்துக்கு முன், பாரிசில் மெற்றோவுக்குள் நின்றுகொண்டு. சம்பளம் கேட்பானோ என்ற பயத்தில் வாய் நிறையச் சொன்னேன். அந்த 'மாதிரி' எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மெற்றோ இரைச்சலில் விழுந்ததோ, இந்த ஏழு வருசத்தில் விழுந்ததோ.

பிறகு அவனும் சொன்னான். கிணறு இறைத்தது அவன், யானை உடைத்த வேலியைக் கட்டியது அவன், வெள்ளத்தில் வீட்டுக்குள் வந்த சேற்றை அள்ளியது சுகந்தி. ஒரு சதம் கேட்டோமா என்றான். கேட்கவில்லை. அது உண்மை. சாமத்தியச் சடங்கு முடியட்டும், ஆறுதலாக இருந்து கதைப்போம் என்றான். சடங்கு 22ஆம் திகதி, நான் வெளிக்கிடுகிறதுக்கு முதல் நாள்.

பெப். 14, சனி

வெயில். வாங்க வேண்டியது: நுளம்புத் திரி, சவர அலகு, பவானிக்கு ஒடியல், மிளகாய்த்தூள்.

அழைப்பிதழ் வந்துவிட்டது. முதல் காட் எனக்கு, மஞ்சள் பூசி, வெற்றிலையோடு. இரண்டு பேரும் குனிந்து தந்தார்கள். சுகந்தி கண் கலங்கி, தன் அண்ணன்மார் இருந்திருந்தால் இதை அவர்கள்தான் முன்னின்று செய்திருப்பார்கள் என்றாள். இரண்டு பேரும் இல்லை. ஏன் இல்லை என்று இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. "நீங்கள்தான் அண்ணை பிள்ளைக்குத் தாய்மாமன்" என்றாள். ஓம் என்றேன், மனதாரத்தான் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு வாசித்தேன். பிள்ளையார் படம், பிள்ளையின் படம், நல்ல நேரம். கீழே "எமது இல்லத்தில்".

எல்லாக் காட்டிலும் அப்படித்தான் அடிப்பார்கள். என் மகளின் காட்டிலும் அப்படித்தான் இருந்தது, அது வாடகை மண்டபம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர் முழுக்க இந்தக் காட் போயிருக்கிறது. யார் எந்த வீட்டுக்காரர் என்று எழுதிக் கொடுக்கிற கிராம சேவையாளருக்கும் போயிருக்கிறது.

பெப். 17, செவ்வாய்

கடையில் பாண் வாங்க நின்றேன். பின்னால் இரண்டு பொம்பிளைகள். "மகேந்திரன் வீட்டில ஆரோ பிரான்ஸ் ஆள் வந்து நிக்குதாம்." "ஓம், மனுசியின்ர தமையனாம்."

திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சக் காசு வாங்காமல் வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நடக்காத விசயம்.

இந்தக் காணியில் அப்பா காடு வெட்டினார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து முதல் மூன்று போகமும் காட்டுப்பன்றிக்குத்தான் கொடுத்தார். அதைச் சொல்ல இந்த ஊரில் இப்போது ஆள் இல்லை. சண்டையில் எல்லோரும் கிளம்பிப் போனார்கள், பிறகு வந்து குடியேறியவர்கள் எல்லாம் புது முகம். நானும் சொல்லாமல் வருசத்துக்கு மூன்று மாதம் வந்து காற்று வாங்கிவிட்டுப் போனேன்.

பெப். 18, புதன்

பவானிக்குப் போன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை. "ஒரு குமர்ப்பிள்ளை பெரியபிள்ளையான வீட்டில இருந்து அதுகளை ஆரப்பா எழுப்பிறது? ஊர் விடுமே? உங்களுக்குத்தான் மனம் வருமே?" என்றாள்.

வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். கட்டிலில் இருக்கிற வவுனியா ஆள் தன் மனைவியைக் கூப்பிடப் போகிறாராம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா என்று கேட்கிறாராம். மகள் வீட்டு ஹோலில் சோபா இருக்கிறது என்றாள். கோடையில் ஒரு அறை பார்ப்போமாம். சரி என்றேன்.

பெப். 20, வெள்ளி

காலையில் உழவு மெசின் ஒன்று வந்து பின் வளவில் சீமெந்துக் கல் இறக்கியது. பந்தலுக்குக் கல் எதற்கு என்று கேட்டேன். ம. சிரித்தான். பிள்ளை வளர்ந்துவிட்டாள், அவளுக்கென்று பின்னால் ஒரு அறை இறக்கிக் கட்ட வேண்டுமாம். எனக்குச் சொல்லத்தான் இருந்தானாம். சொல்ல இருந்தான், கேட்க இருக்கவில்லை. அறை வந்தால் அடுத்த முறை நான் வந்து நிற்கவும் வசதி என்றான்.

வந்து நிற்க.

சேட்டுப் பையில் துண்டு அப்படியே இருக்கிறது. வியர்வையில் நனைந்து மடிப்பு விட்டுப்போகிறது. இரண்டு தரம் எடுத்தேன். ஒருமுறை பந்தல்காரர் வந்தார், ஒருமுறை சுகந்தி தேத்தண்ணி கொண்டு வந்தாள். சீனி போடாமல். எனக்குச் சீனி வருத்தம் என்று பவானிக்கு அடுத்ததாக அவளுக்குத்தான் நினைவிருக்கிறது.

திறப்பு இன்னும் வெட்டவில்லை. கேட்கவும் இல்லை.

பெப். 21, சனி

சடங்கு முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி இல்லை. நூறு பேர் மாதிரிச் சத்தம். பலகாரம் சுடுகிறார்கள். எனக்கு நல்ல வேட்டி எடுத்து வைத்திருக்கிறான் ம. சரிகைக்கரை. விலை கேட்டேன், சொல்லவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். நாளைக்கு நேரம் இருக்காது, இப்பவே கையெழுத்தை வைத்துவிடு என்றேன். அவன் சுற்றிலும் பார்த்தான். பந்தலுக்குள் அவனுடைய ஆட்கள், சுகந்தியின் ஆட்கள், முன்வீட்டு அம்மா.

"அண்ணை, நாளைக்கு என்ர பிள்ளைக்கு நல்ல நாள். இண்டைக்கு என்னை இந்தத் துண்டில கையெழுத்து வைக்கச் சொல்லுறியள்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அழுகிற மாதிரி இருந்தது. அழுகையா வேறு எதுவுமா என்று இருட்டில் தெரியவில்லை.

வெட்கமாகப் போய்விட்டது. துண்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

பெப். 22, ஞாயிறு

வெயில், காற்று. சூட்கேஸ் கட்டியாச்சு. வான் விடிய மூன்றரைக்கு.

சடங்கு நன்றாக நடந்தது. பிள்ளை சேலையில் பெரிய மனுசி மாதிரி. தேங்காய் உடைத்தேன், சரிபாதியாக உடைந்தது, எல்லோரும் நல்லது என்றார்கள்.

அதற்கு முதல் நடந்ததை எழுத வேண்டும். தாய்மாமன் வெளியில் இருந்துதான் தட்டங்களோடு வரவேண்டுமாம், வீட்டுக்குள் இருந்து வந்தால் முறையில்லையாம். அதனால் காலையிலேயே என்னைக் கோயிலடிக்கு அனுப்பினார்கள். சரிகை வேட்டி, கழுத்தில் மாலை, கையில் பழத்தட்டம். எனக்குப் பின்னால் தட்டங்களோடு ஏழெட்டுப் பொம்பிளைகள், யாரையும் தெரியாது. மேளம். றோட்டு நீளத்துக்கு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

படலையில் இரண்டு பக்கமும் வாழை. நிறைகுடம், குத்துவிளக்கு. ஒரு சின்னப் பெட்டை பன்னீர் தெளித்தாள். இன்னொருத்தி சந்தனத் தட்டம் நீட்டினாள். ம. பட்டு வேட்டியில் நடுவில் நின்று கை கூப்பினான். "வாங்கோ அண்ணை, எங்கட வீட்டுக்கு வாங்கோ" என்றான். ஊரே நின்றது. கிராம சேவையாளரும் நின்றார். சந்தனம் தொட்டு நெற்றியில் வைத்தேன். கற்கண்டு எடுத்து வாயில் போட்டேன். காலை உள்ளே வைத்தேன்.

வீடியோக்காரர் கையைத் தூக்கினார். முகத்தில் வெயில் அடித்து வடிவாக விழவில்லையாம். ஐயா ஒருக்கால் வெளியால போய், திரும்பி வாங்கோ என்றார். போய் வந்தேன்.