எண்ணெய்க் குழாயும் இறுதிப் பேச்சும்

ஐப்பசி 12, புதன்

விடியலிலிருந்து தூறல். தோட்டத் தொழிற்சங்கத்து வண்டியின் அடியில் மீண்டும் சிவப்பு எண்ணெய். தாயகம் திரும்பிய வெள்ளைத் துரையிடம் வாங்கிய அமெரிக்க வண்டி. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். கியர்ப் பெட்டியின் எண்ணெய் இரு மெல்லிய குழாய்கள் வழியே ரேடியேட்டருக்குச் சென்று சூடு தணிந்து திரும்புமாம். இரண்டும் துருவேறிக் கசிகின்றன. நிற்பது என் வீட்டு முற்றத்தில். ஆகவே பழியும் என்மேல்.

கசிவு காண அடியில் கூட்டத் துண்டறிக்கைகளை விரித்தேன். ஞாயிறு, டயகம தோட்டத்தில். தொழிலாளர் வசிக்கும் லய வீடுகளின் ஒழுகும் கூரைகளுக்காக. இறுதிச் சிறப்புரை என் பெயர், பெரிய எழுத்தில். அதற்கு மேல் சிற்றெழுத்தில் மாரிமுத்து.

இவனும் பேச்சாளனாம். ஈராண்டுக்கு முன்புவரை தேயிலைத் தொழிற்சாலையில் பொறி பழுதுபார்த்தவன். இன்று சங்கத்து வண்டியோட்டி. சென்ற கூட்டத்தில் பத்தே நிமிடம். “தொர நாய்க்குத் தகரம் போட்ட கூடு. நமக்கு ஒழுகுற லயம். அடுத்த மழைக்கு நாய்கிட்டயே வாடகைக்குக் கேட்டுப் பாப்போம்!” பெண்கள் சிரித்துக் கண் துடைத்தனர். அடுத்து நான் எழுந்தேன். என் முதல் வாக்கியம் முடியுமுன் முன்வரிசை எழுந்தது. “புள்ளைக்குப் பால் காச்சணும்.” இருபதாண்டுத் தமிழ், ஒரு நாய்க்கூட்டிடம் தோற்றது.

13, வியாழன்

மழையில்லை. கடுங்குளிர். மா.மு. காலையிலேயே வந்து வண்டிக்கடியில் புகுந்தான். பழைய குழாய்களைக் கழற்றினான். அவற்றின் வளைவு பார்த்துப் புதியவற்றை வளைத்தான். கசியாமல் பொருந்த முனைகளின் வாயை விரித்தான். நேர்த்தியான கை. ஒப்புக்கொள்ள வலிக்கிறது.

இராசம் அவனுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். என் பித்தளைக் குவளையில்.

“என்ன தம்பி, அடியில படுத்துத் தூங்குறியா?”

“இல்லக்கா, ஐயா பேச்ச மனப்பாடம் பண்றேன். அதான் கண்ணு தானா மூடுது.”

விழுந்து விழுந்து சிரித்தாள். பதினெட்டாண்டு இல்லறத்தில் என் சொல் எதற்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை.

என்னிடம் மனு எழுதிக்கொள்ள வந்த மூவர் என்னைக் கடந்து சென்று அவன் கால்களிடம் பேசினர். “ஞாயித்துக்கெழம கடைசியா நீங்க பேசுங்கண்ணே. அப்பத்தான் கூட்டம் கலையாது.” நான் இரண்டு ஸ்பானர்களுடன் அருகில் நின்றுகொண்டிருந்தேன்.

அடியிலிருந்து அவன் குரல்: “ஐயா, ரேடியேட்டர் நட்டு மேலருந்துதான் எட்டும். மொதல்ல கையால ஏத்துங்க. அப்புறம் ஒரு ஸ்பானரால புடிச்சுக்கிட்டு இன்னொண்ணால இறுக்குங்க.”

கையால் ஏற்றினேன். அவ்வளவே. ஸ்பானர்களைச் சன்னலில் வைத்துவிட்டு உள்ளே சென்றேன்.

“இறுக்கியாச்சுங்களா ஐயா?”

“ஆயிற்று.”

14, வெள்ளி

புதிதாய் விரித்த துண்டறிக்கைகளில் ஒரு துளியும் இல்லை. கையிறுக்கமே போதும் போலும். உரை ஒத்திகை, இருமுறை. செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும். உருளைக்கிழங்கு. விளக்குக்குத் திரி.

இராசம்: “தம்பி வேலன்னா வேலதாங்க.”

15, சனி

மூடுபனி. காலையில் மனம் கேளாமல் ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். அந்நேரம் சங்கச் செயலாளரின் கடிதம். உறுப்பினர் விருப்பப்படி இறுதியில் மாரிமுத்து பேசுவாராம். தாங்கள் முன்னதாக.

முன்னதாக! பாய் விரிக்கும் நேரத்தில், ஒலிபெருக்கி சரிபார்க்கும் நேரத்தில்.

ஸ்பானர்களை மீண்டும் சன்னலிலேயே வைத்தேன். அறிந்தே வைத்தேன்.

16, ஞாயிறு

அக்கரப்பத்தனை தாண்டி ஏற்றத்தில் பொறி அலறியது, சக்கரம் நகரவில்லை. சாலையில் சிவப்புக் கோடு. மா.மு. முன்மூடியைத் திறந்து அந்த நட்டைத் தொட்டான். விரலுக்கே சுழன்றது. என்னை ஒருமுறை பார்த்தான்.

செயலாளர் பின்னிருக்கையிலிருந்து இறங்கி அவனிடம் கத்தினார். “நாக்கு மட்டும் நீளம்! ஒரு நட்ட இறுக்கத் தெரியல?”

“என் தப்புதாங்க. சரியா பாக்கல.” அவன்தான் சொன்னான்.

கொழுந்து லாரியொன்று வந்தது. “சனம் காத்திருக்கும். நீங்க போங்க ஐயா. நான் வண்டிக்குக் காவல் இருக்கேன்.” ஒலிபெருக்கியை அவனே தூக்கி ஏற்றினான்.

இறுதியில் பேசினேன். ஒன்றரை மணி நேரம். ஒருவரும் எழவில்லை. மாலை, கைத்தட்டல். வாழ்நாளின் பேச்சு என்றெண்ணி இறங்கினேன். கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி வழிமறித்தாள்.

“தம்பி இப்ப வந்துருவாரு, இப்ப வந்துருவாருன்னே உக்காந்திருந்தோம் சாமி. வரவே இல்லியே?”

வராத நிலையிலும் அவன் கூட்டம்.

17, திங்கள்

வெயில். லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்தான். இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே, குரல் கட்டியிருந்தது. செயலாளர் முற்றத்தில் காத்திருந்தார். “இனி நீ மேடையேற வேணாம். வண்டியையும் தொடாதே.” அவன் தலைகுனிந்து நின்றான். வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின்மீதும் எனக்குப் பொறாமை.

சன்னலிலிருந்து ஸ்பானர்களை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். “இந்த நட்டை இறுக்கச் சொன்னார் தம்பி. நான் இறுக்கவில்லை. ஆயிற்று என்று பொய் சொன்னேன். சனிக்கிழமை அறிந்தே விட்டுவிட்டேன்.” என் பேச்சுகளில் ஆகச் சிறியது. இராசம் வாயிற்படியில்.

ஒன்றால் பிடித்து, மற்றதால் இறுக்கினேன். போதுமென்று எண்ணி நின்றுவிட்டேன்.

மா.மு. எட்டிப் பார்த்தான். “இன்னும் அரைச் சுத்து போகும்ங்க ஐயா.”

போயிற்று.