குடத்தோடு நுழையும் வாசல்

என் நெட்டைச் செல்லாயிக்கு,

இரண்டு வருஷமாக முதியோர் பள்ளிக்குப் போகிறேன். நானே என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. மெதுவாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள். எல்லாவற்றிலும் அவசரப்பட்டவள் நீதானே, போய்ச்சேர்ந்ததிலும்கூட?

நம் கூரைவீடு இருந்த இடத்தில் புதுவீடு எழும்பிவிட்டது. மகள் மீனாட்சியின் வீட்டுக்காரர், நம் ஓவர்சியர் மாப்பிள்ளை, படம் போட்டார். சிமெண்டுத் தரை, ஆள் உயரக் கண்ணாடி ஜன்னல், மின்சார விளக்கு. ஊரே தட்டை மாடிதான் நாகரிகம் என்றது. அவர் கேட்கவில்லை. "தூரத்துலேருந்து பாத்தா கூரைதான் மொதல்ல தெரியணும்" என்றார். நம் பழைய கூரையைப் போலவே நாலு பக்கமும் செங்குத்தாகச் சரியும் கூரை. ஓலைக்குப் பதில் ஓடு. உச்சி பாதிப் பனை உயரம்!

படத்தில் எனக்காகத் தமிழில் எழுதித் தந்தார். எழுத்துக்கூட்டிக்கொண்டே வாசல் பக்கம் வந்தேன். 'இறவாரம், ஐந்தடி' என்றிருந்தது. கூரையின் கீழ்விளிம்பு அவ்வளவு தாழ்வு. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

பழைய வீட்டிலும் அதே தாழ்வுதான். தலையில் குடத்தோடு வருவாய். வாசலில் இறக்கிவைத்து, குனிந்து உள்ளே போய், திரும்பிக் குடத்தை இழுத்துக்கொள்வாய். முப்பது வருஷம். ஒரு நாளாவது அந்த ஓலையை நான் வெட்டிவிட்டிருக்கலாமே. ஏன் தோன்றவில்லை எனக்கு?

"மாப்ளே, குடத்தோட வந்தா இடிக்குமே" என்றேன்.

"தாழ எறங்குனாத்தான் மாமா கூரைக்கு எடுப்பு. இனிமே குழாத் தண்ணி வீட்டுக்குள்ளயே வரும். யாரு குடம் தூக்குறா?"

"பால் காய்ச்சுற அன்னிக்கு நெறகுடத்தோட வரணுமுல்ல? எம் மக குனிஞ்சா வருவா?"

மீனாட்சி சிரித்துவிட்டாள். அவளும் உன் உயரம்தான். "அப்பாவுக்குப் படிக்கத் தெரியாத வரைக்கும் ஒங்க படம் தப்பிச்சுச்சு!" என்றாள் அவரிடம்.

கூரை முழுவதையும் உயர்த்தினால் அழகு போய்விடும் என்று மாப்பிள்ளை நாலு நாள் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமில்லை, யோசனை. பிறகு மீனாட்சியைக் குடத்தோடு சுவரோரம் நிற்கவைத்து அளந்தார். அதற்கு மேலும் ஒரு சாண் விட்டார். கூரை மற்றப் பக்கமெல்லாம் தாழ இறங்குகிறது; வாசலுக்கு மேலே மட்டும், யார் வருவது என்று புருவம் தூக்கிப் பார்ப்பதுபோல் எழும்பி நிற்கிறது. நார்த்தாமலை சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பது அதைத்தான்.

போன வாரம் பால் காய்ச்சினோம். மீனாட்சி தலையில் நிறைகுடத்தோடு, கையால்கூடப் பிடிக்காமல், நேரே உள்ளே நடந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். கண் நிறைந்துவிட்டது.

அடுத்து நான் போனேன், குனிந்துகொண்டு.

"அப்பா, எதுக்குக் குனியிறீங்க? இங்கிட்டு ஆனையே நொழையும்!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பழக்கம் விடவில்லை, செல்லாயி. நேற்றும் குனிந்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்த மழைக்குள் நிமிர்ந்து நுழையப் பழகிவிடுவேன். உனக்கும் சேர்த்து.

உன் அத்தை மகன், உன் வீட்டுக்காரன்,
வெள்ளைச்சாமி