மேடைக்கு அடியில் ஒரு மூடி

காலைச் சாப்பாட்டை அடுப்பு மேல் வைத்திருக்கிறேன். தட்டைக் கழுவ வேண்டாம். கழுவவும் முடியாது, தொட்டியில் நேற்றுத் தண்ணீரே இன்னும் இறங்கவில்லை.

பத்து மணிக்குப் பிளம்பர் வருவார். வந்ததும் கொல்லைப்புறச் சாக்கடை மூடி எங்கே என்றுதான் கேட்பார். அது கொல்லையில் உட்கார நீங்கள் புதிதாகப் போட்ட மரமேடைக்கு அடியில், நட்டநடுவில் இருக்கிறது.

"குழியே தோண்ட வேணாம், நாலு கல்லை வெச்சு மேல சட்டத்தைப் போட்டா முடிஞ்சுது" என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ரசமட்டத்தோடு குனிந்து கிடந்தீர்கள். தரை மட்டமா என்று பார்த்த கண்ணுக்குத் தரையில் கிடந்த இரும்பு மூடி தெரியவில்லை. முதல் நாளே சொன்னேன். "உனக்கு இதெல்லாம் புரியாது, நீ உள்ள போ" என்றீர்கள். போய்விட்டேன்.

அவர் வருவதற்குள் நடுவில் ஐந்து பலகையைக் கழற்றி வையுங்கள். பலகைக்குப் பன்னிரண்டு திருகாணி. ஆடக் கூடாது என்று நீங்களே போட்டதுதான். டிரில்லை நான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், அதுவும் உங்களுக்குத் தோன்றியிருக்காது.

சாயங்காலம் மேடையைப் பார்க்க உங்கள் ஆபீஸ்காரர்கள் வருகிறார்களாமே. மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டும்.

பி.கு: யாரோ ஒரு அரைகுறை ஆசாரி செய்துவிட்டுப் போன வேலை என்று பிளம்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளும்போது, "நான்தாங்க செஞ்சேன்" என்று பெருமையாக முன்னால் போய் நிற்காதீர்கள். உங்களைத் திட்ட வீட்டில் ஒரு ஆள் போதும்.