வாசனையில்லாத சோப்புத் தூள்

வாப்பா,

நேற்று மேலப்பாளையம் கடைத்தெருவுக்குச் சோப்புத் தூள் வாங்கப் போனேன். இளையவனுக்கு மூன்று மாதம் ஆகிறது. துணி டயப்பர் துவைக்க என்று சொன்னதும் கடைக்கார அண்ணாச்சி ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் மூக்கருகே நீட்டினார். "மல்லியப்பூ வாசம்மா, மோந்து பாருங்க." மோந்தேன். அந்த நெடியில் கடை மறைந்து, நம் மொட்டை மாடியும் வாளியோடு நிற்கிற நீங்களும் வந்துவிட்டீர்கள்.

மூத்தவளை நான் நம் வீட்டில் பெற்றபோது, நீங்கள் வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. துணியை அலசி முடித்ததும் ஊற்றுகிற நீல வாசனைத் தண்ணீர் உங்கள் கடைசிப் பெட்டியில் வந்திருந்தது. உம்மா அதைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். பெருநாள் உடுப்புக்கே ஒரு மூடிதான். பேத்தி வந்ததும் அவர்கள் கை தாராளமாகிவிட்டது. டயப்பர் அத்தனையும் அதில் முங்கி எழுந்தன. பார்க்க வந்தவர்கள் பிள்ளையை முகர்ந்து, "ஃபாரின் வாசம்லா அடிக்கி" என்பார்கள். உம்மாவுக்குத் தலைகால் புரியாது.

பத்தாம் நாள் பிள்ளையின் தொடையிடுக்கு செக்கச்செவேல் என்று புண்ணாகிவிட்டது. மருந்து தடவியும் ஆறவில்லை. டயப்பரும் எதையும் உறிஞ்சாமல் ஒழுகியது. உம்மா வெயிலைத் திட்டினார்கள். என் மாமியார் துணி டயப்பரைத் திட்டினார்கள். என் பாலில்தான் ஏதோ கோளாறு என்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

நீங்கள் யாரையும் திட்டவில்லை. டயப்பருக்குள் வைக்கிற துணிப்பட்டை ஒன்றை எடுத்து முழங்காலில் விரித்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டீர்கள். சொட்டு ஊறாமல் அப்படியே நின்றது.

"பாத்தியா புள்ள, துணி தண்ணி குடிக்க மாட்டேங்கு. வாசனத் தண்ணி மேல படிஞ்சி கெடக்கு. தூளும் சரியா அலசல. அதான் பிள்ளைக்கு எரியுது."

"நீங்க கொண்டாந்ததுதான?" என்று உம்மா சண்டைக்கு வந்தார்கள்.

"நான் கொண்டாந்தா என்ன? கீழ கொட்டு" என்றீர்கள்.

வாசனையில்லாத தூளை நீங்களே போய் வாங்கி வந்தீர்கள். போர் தண்ணீரில் சவுக்காரம் லேசில் போகாது என்று ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாயில் வாளி வாளியாகப் பிடித்து மாடிக்குத் தூக்கினீர்கள். சுடுதண்ணீரில் முக்கி, கொஞ்சூண்டு தூள் போட்டு, நுரை அடங்கும்வரை அலசல். "கழுவுன துணிக்கு ஒரு வாசனையும் இருக்கக் கூடாது" என்று என்னை மோந்து பார்க்கச் சொன்னீர்கள்.

காய்ந்ததும் மடித்தீர்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். இருபது பட்டைகளும் ஓரம் ஒரு நூல் பிசகாமல். பார்வை எங்கேயோ இருக்கிறது, கை மட்டும் மடித்துக்கொண்டே போகிறது. வெளிநாட்டில் உங்களுக்கு ஸ்டோர் இன்சார்ஜ் வேலை என்றுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "ஸ்டோர் இன்சார்ஜுக்கு இதெல்லாமா சொல்லிக் குடுப்பாக?" என்று கேட்டுச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பதினெட்டு வருசமும் ஆசுபத்திரித் துணிதான் தொவச்சேன். உம்மாட்ட சொல்லிராத" என்றீர்கள்.

நான் தலையாட்டினேன். பிள்ளைக்கு நாலு நாளில் ஆறிவிட்டது. அந்தப் பேச்சை நாம் மறுபடி எடுக்கவே இல்லை. அடுத்த வருடம் நீங்கள் மவுத்தானபோது, ஸ்டோர் இன்சார்ஜாக இருந்த மனிதர் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். உம்மா அந்தப் பெருமையோடு அழுதார்கள். நான் வாயைத் திறக்கவில்லை; இன்றுவரை உம்மாவுக்குத் தெரியாது.

உங்கள் மருமகன் இப்போது வெளிநாடு போய் நாலு மாதமாகிறது. சூப்பர்வைசர் வேலை என்று சொல்லியிருந்தார். நேற்று போனில் தூள் வாங்கிய கதையைச் சொல்லப்போய், உங்கள் கதையையும் முழுக்கச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அவர் பைய, "நானும் இங்கன ஓட்டல்ல சட்டிதான் கழுவுதேன்" என்றார்.

"கையி புண்ணாயிட்டா? என்ன தடவுதீக?" என்று கேட்டேன். அவ்வளவு பெரிய ஆள், விம்மி விம்மி அழுதுவிட்டார்.

அன்றைக்கு மாடியில் உங்களிடம் நான் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும், வாப்பா. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.