சொர்ணவாரிக்குச் சம்பா விதை

மார்ச் 30, இரவு.

நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் மானியப் பணம் திரும்பப் போய்விடும் என்று வேளாண் அதிகாரி ஒரு வாரமாக நச்சரித்தார். என் விதைக்கடைக் குடோனில் விற்காமல் கிடந்தது சம்பா நெல்விதைதான். "அத்தயே குடுத்துடுண்ணே, கணக்கு முடிஞ்சா போதும்" என்றார். இன்று பாகூரில் மூட்டை மூட்டையாகக் கொடுத்தோம்.

செலியமேட்டுக் குப்பம்மாள் மூட்டையை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "இன்னாபா, இத்த இப்ப சொர்ணவாரிக்குப் போடலாமா? ஆவணி வரிக்கும் வெச்சிருந்தா எலி துன்னுடும்."

இந்த விதையைச் சொர்ணவாரி என்கிற கோடைப் பட்டத்தில் போட்டால் பயிர் செழிப்பாக வளரும், காலத்தில் கதிர் வராது. எனக்குத் தெரியும். ஆனால் அதிகாரி பக்கத்திலேயே நின்றார். அடுத்த வருட சப்ளையும் அவர் கையில்தான் இருக்கிறது.

"கவர்ன்மென்ட் குடுக்கறது, தப்பா பூடுமாக்கா?" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்பா. காலைல ஊறப் போட்டுடறேன்" என்று சிரித்தாள்.

அவள் பயிரிடுவதே குத்தகை நிலம். கோடைக்கான குறுகியகால விதை என் கடையில் இரண்டு மூட்டை இருக்கிறது. விடிவதற்குள் வண்டியில் போட்டுக்கொண்டுபோய் மாற்றிக் கொடுத்துவிடலாம். அவளுக்குப் போதும்.

ஆனால் நான் சொன்னதை அவள் இந்நேரம் மூட்டை வாங்கிய தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள்.