ஐனாரின் மூன்றாம் மாடி

2006 பெப்ரவரி 6, திங்கள்

எதிர்க் கட்டடத்தில் பழைய குழாய்களை மாற்றப் போகிறார்கள். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதம், எல்லாரும் வெளியேற வேண்டும். எல்லாரும் போய்விட்டார்கள், மூன்றாம் மாடி ஐனாரைத் தவிர. குடியிருப்புச் சங்கத் தலைவி என்பதால் அவரிடம் பேசும் வேலை என் தலையில்.

7, செவ்வாய்

"கொஞ்ச நாளுக்குத்தான், ஐனார்" என்றேன். கிழவரின் முகம் வெளிறியது. "அந்த ஜேர்மன் சிப்பாயும் இதைத்தான் சொன்னான்." கதவைச் சாத்திவிட்டார்.

8, புதன்

அவருடைய பக்கத்து வீட்டுக் கிர்ஸ்தனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். ஐனார் இந்த நாட்டின் வட கோடியிலுள்ள பின்மார்க்கில் பிறந்தவராம். உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், பின்வாங்கிய ஜேர்மன் படை அங்கிருந்த சனங்களைத் துரத்திவிட்டு ஊர்களைக் கொளுத்தியது. அப்போது அவருக்கு எட்டு வயது. மீன்பிடிப் படகில் ஏற்றப்பட்டு, தங்கள் வீடு எரிவதைக் கடலிலிருந்து பார்த்திருக்கிறார். வழியில் காய்ச்சலில் தாய் இறந்துபோனார். போர் முடிந்து தகப்பனோடு திரும்பினால் புகைபோக்கி மட்டும் நின்றதாம்.

அறுபது வருசம் போயிட்டுது. மனிசன் இன்னும் அந்தப் படகிலைதான் இருக்கிறாரோ?

10, வெள்ளி

சங்கக் கூட்டம். அவர் இருக்கும்வரை சுவர் உடைக்க முடியாது. உடைத்தால் நச்சுத் தூசி பறக்கும். அனுமதி எடுத்தாயிற்று, திங்கட்கிழமை பொலிசோடு கதவைத் திறப்பார்கள். இரண்டு நாள் தரச் சொன்னேன்.

"அக்கா, உங்களுக்கு இரக்கம் வரலாம். மற்றச் சனம் வெளியிலை கிடந்து அந்தரிக்குது" என்றார் சங்க உறுப்பினர் தில்லைநாதன். அதுவும் பொய்யில்லை.

தொண்ணூறில் மட்டக்களப்பை விட்டு ஓடும்போது எங்களுக்கும் இரண்டு நாள் என்றுதான் – வேண்டாம். இப்ப அது வேண்டாம்.

11, சனி

அரிசி களைந்துகொண்டே நிமிர்ந்தேன். நேரெதிரே அவருடைய ஜன்னல்! ஆனால் என் கணவர் சந்திரகுமாரிடம் கேட்காமல் ஐனாரிடம் எப்படிச் சொல்வது? சந்திரகுமாரைக் கூப்பிட்டேன்.

"அவர் எங்கடை வீட்டிலை இருக்கட்டுமன்."

"உனக்கு விசரே? முன்பின் பழகாத மனிசனை ஆறு கிழமைக்கோ?"

நான் களைந்த அரிசியை உலையில் போட்டேன். மூடி போட்டதும் அவரே கேட்டார்: "எந்த அறையிலை விடுறது?"

12, ஞாயிறு

மூடிய கதவோடு பேசினேன். "எங்கடை வீட்டிலை இருந்து உங்கடை வீடு தெரியும். முழு நாளும் பாத்துக்கொண்டு இருக்கலாம்."

போய்விடலாமா? நாளைக்குப் பொலிஸ் வந்து கதவை உடைச்சால் இந்த மனிசன் தாங்குமோ?

பிறகு உள்ளிருந்து: "இருட்டிலும் தெரியுமா?"

"தெரியும். விளக்கைப் போட்டுட்டு வாங்கோ. அணைக்க வேண்டாமெண்டு வேலைக்காரரிட்டைச் சொல்லுறன்."

ஒரு பையோடு வந்தார். படிக்கட்டில் நின்று நின்று திரும்பிப் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

13, திங்கள்

பொலிஸ் வரவில்லை. காலையிலிருந்து ஐனார் எங்கள் ஜன்னலடியிலேயே இருக்கிறார். அவருடைய சமையலறைக் கதவை வேலைக்காரர்கள் கழற்றி முற்றத்தில் வைத்ததும் துள்ளி எழுந்தார். கையைப் பிடித்தேன்.

20, திங்கள்

கோப்பி ஆறிக் கிடக்கிறது. இன்றும் ஜன்னலைப் பார்த்தபடி அதே கதிரையில் ஐனார்.

மார்ச் 2, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு ஐனார் முதல் தடவையாகத் தன் கதிரையைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சந்திரகுமார் என்னைப் பார்த்தார். நான் மீன்குழம்புச் சட்டியை ஐனார் பக்கம் நகர்த்தி வைத்தேன்.